பதினைந்து விநாடி

— அழாம சொல்லும்மா. ஏன் குரல் இப்படி நடுங்குது? ஆய்வுக்கூடத்துல என்ன ஆச்சு?

— திரையில கோடு கோடாத்தாங்க தெரிஞ்சுது, படலம் சமமா படியறப்ப வர்ற மாதிரி. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே உடைஞ்சு புள்ளி புள்ளியாயிடுச்சு. அதுவும் நம்மகிட்ட இருந்த கடைசித் தட்டு.

— புள்ளியா? போச்சு. ஃபோனைக் காதுல வச்சுப் பேசு, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு.

— கையில உறை போட்டிருக்கேன், ஃபோனை எடுக்க முடியாதுங்க.

— சரி, இங்க பாரு. இண்டியம் அடுப்போட மூடியை, அந்த ஷட்டரை எத்தனை விநாடி திறந்து வச்ச?

— நீங்க நோட்டுல எழுதின பதினஞ்சு. வாய்விட்டுத்தான் எண்ணினேன்.

— பராக்குப் பார்த்துக்கிட்டு இருபது எண்ணியிருப்ப. வீட்டுல பாலைப் பொங்க விடுறவதானே நீ.

— சத்தியமா இல்லைங்க. ஒரு மாசமா இதே பதினஞ்சுக்கு வழவழன்னு படிஞ்ச படலம், இன்னிக்கு மட்டும் ஏன் மேடு மேடா நிக்கணும்?

— இங்க பாரு, இண்டியம் அணு பெருசு. கீழ இருக்கிற தட்டுல அதுக்கு இடம் சின்னது. முதல் வரிசை எப்படியோ இடுக்கிக்கிட்டு உட்கார்ந்துடும். அதுக்கு மேலயும் வந்து விழுந்தா நெருக்கடி தாங்காம, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி குட்டிக் குட்டிக் குன்றாயிடும். அதான் குவாண்டம் புள்ளி. அதை வேணும்னே வளர்க்கிறவங்க இருக்காங்க. நம்ம சாருக்கு ஒரு புள்ளி இருந்தாலும் குப்பை.

— பதினஞ்சு விநாடியில அவ்வளவு எப்படிங்க வந்து விழும்?

— விழாது. சூடு ஏறி இண்டியம் அதிகமா ஆவியானாத்தான் விழும். இண்டியம் அடுப்புல சூடு என்ன காட்டுது?

— எண்ணூத்தி இருபது.

— மறுபடியும் பார்த்துச் சொல்லு.

— எண்ணூத்தி இருபதுதாங்க. நோட்டுல எண்ணூறுன்னு இருக்கு.

— நான்தான் ஏத்தினேன். நேத்து சாயங்காலம், சும்மா சோதிச்சுப் பார்க்க. இறக்க மறந்துட்டேன். எழுதவும் இல்ல.

— ஏங்க, கொஞ்சம் இருங்க...

— நீ இரு. எழுதாம அடுப்பைத் தொட்டா வேலை இல்லைன்னு போன தடவையே சார் சொல்லிட்டார். இங்க பாரு, நீ தப்பா எண்ணிட்டேன்னு சொல்லிடு. உன்னைத் திட்டுவார், அவ்வளவுதான். என்னை வெளிய அனுப்பிடுவார். சூட்டை இப்பவே இறக்கி வை. யாருக்குத் தெரியப்போகுது?

— போதுங்க, பேசாதீங்க.

— ஏன்?

— குரல் ஏன் நடுங்குதுன்னு கேட்டீங்களே. ஃபோன் மேசை மேல ஸ்பீக்கர்ல கிடக்கு. உங்களைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னதே சார்தாங்க, எதிர்லதான் உட்கார்ந்திருக்கார்.