கூண்டை முன்னால் நகர்த்திய அம்மையாருக்கு

கார்வார்க் கடற்கரையில் பிறந்து, கரிசல் காய்ந்த ஹொசகட்டிக்கு வந்து, மூன்று ஆண்டுகள் எங்கள் நீதிமன்றத்தின் முதல் வகுப்பு நடுவராக வீற்றிருந்து, இன்று மாலையோடு கறுப்பு அங்கியைக் கழற்றி வைக்கும் மாண்பமை மந்தாகினி நாயக் அம்மையார் அவர்களே! செவி சாய்த்த செம்மையே! கேட்கக் கூசாத கண்ணியமே! எழுத்தர், தட்டச்சர், டவாலி, அமீனா, காவலாளி ஆகிய நாங்கள் எழுந்து நின்று வணங்கிப் படிக்கும் மடல் இது.

இந்த மன்றத்தில் மடல் படிப்பது புதிதல்ல. போகிறவர் யாராக இருந்தாலும் அவரைத் தராசு முள் என்போம், தருமத்தின் தலைமகன் என்போம், மடலுக்குச் சட்டம் போட்டு மாட்டி வைப்போம். அவற்றில் பாதி பொய். தங்களுக்குப் பொய் எழுத வேண்டிய தேவை வரவில்லை. ஆகவே சொல் சற்றுக் கரடுமுரடாகவே இருக்கும். பொறுத்தருள்க.

தாங்கள் வந்த அன்று எங்களில் ஒருவரும் தங்களை நம்பவில்லை. புதிதாக வரும் நீதிபதி ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்தில் ஒரு வேகம் இருக்கும். ஒருவர் வளாகம் முழுக்க வேப்பங்கன்று நட்டார்; ஆடு தின்றது. ஒருவர் சுவருக்கு நீல வண்ணம் அடித்தார். அடுத்த மழைக்கே உரிந்தது. தாங்கள் வந்தீர்கள், குற்றவாளிக் கூண்டைக் கை நீட்டிக் காட்டினீர்கள்.

அது அப்போது பின்சுவரோரம், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது. முன்னால் முழுக்க வக்கீல்களின் கறுப்பு முதுகு. தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி. அங்கே நிற்பவனுக்குத் தன் வழக்கில் காதில் விழுவது தன் பெயர் ஒன்றுதான். அதுவும் டவாலி வாசலில் நின்று கத்துவதால். மற்றபடி தன்னைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பது அவனுக்குச் சிறைக்குப் போன பிறகுதான் தெரியும். அந்தக் கூண்டைச் சாட்சி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போடச் சொன்னீர்கள். தூக்கிப் போட்டோம். வக்கீல்களின் மேசை ஜன்னலோரம் ஒதுங்க வேண்டியதாயிற்று. கோழி திருடியவனுக்கு முதல் வரிசை, படித்தவனுக்கு மூலையா என்று சர்க்கார் வக்கீல் இட்டகி முணுமுணுத்தார். டவாலி ஹாலப்பா அவரைத் தேற்றினார்: “ஆறு மாசம் பொறுத்துக்குங்க சாமி. அம்மா மாத்தலாகிப் போவாங்க, கூண்டு தானா நடந்து பழைய இடத்துக்குப் போயிரும்.”

உறுதி குன்றா உள்ளத்தீர்! அந்த ஆறு மாதத்துக்குள்தான் த்யாமப்பாவின் வழக்கு வந்தது.

த்யாமப்பா மாடு மேய்ப்பவன். வீரனகௌடர் வீட்டில் பல காலம் மேய்த்தவன், ஒருநாள் கௌடரோடு மனக்கசப்பாகி வேறு வீட்டு மாட்டுக்குப் போய்விட்டான். அவன் போன கொஞ்ச நாளில் கௌடரின் சோளத்தட்டைப் போர் எரிந்து சாம்பலாயிற்று. ஒரு வருடத் தீவனம். அந்தக் கோடையில் கௌடரின் மாடுகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தது உண்மை. அவர் வயிறு எரிந்ததும் உண்மை. அவர் கை காட்டினார், போலீஸ் பிடித்தது. கௌடரை எதிர்த்து ஜாமீன் நிற்க ஊரில் ஆளில்லாததால், விசாரணை தொடங்குமுன்பே ஒரு வருடம் சிறையில் இருந்துவிட்டான். அவனுக்கு எதிராக இருந்தது ஒரே சாட்சி: அன்று பொழுது சாயும் நேரத்தில் அவன் கையில் நெருப்போடு போரைத் தாண்டி ஓடியதைப் பார்த்த கங்கவ்வா. அவள் அதைச் சொல்லி முடித்தால் இன்னும் மூன்று வருடம் நிச்சயம்.

கங்கவ்வா சாட்சி சொல்ல வருகிறாள் என்று கேட்டதும் த்யாமப்பாவுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அவள் அவன் தாயோடு களையெடுத்தவள். தனக்காகப் பேசத்தான் வருகிறாள் என்றே நினைத்தான். போலீஸ் வண்டியிலிருந்து இறங்கும்போது அவளைப் பார்த்துக் கும்பிட்டான். அவளும் நன்றாயிருக்கிறாயா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அப்புறம் கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு அவள் சொன்னதைக் கேட்டான்.

“நெருப்பும் கையுமா ஓடுனான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

இலவச சட்ட உதவியில் அவனுக்கு வாய்த்த இளம் வக்கீல், அந்த மங்கல் பொழுதில் கிழவிக்குக் கண் தெரிந்திருக்குமா என்று ஒரே கேள்வி கேட்டார். தான் இன்றும் ஊசியில் நூல் கோப்பதாகவும், இந்த வயதிலேயே கண்ணாடி போட்டிருப்பது வக்கீல் தம்பிதான் என்றும் கங்கவ்வா சொன்னாள். மன்றம் சிரித்தது. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கூண்டு பழைய இடத்தில் இருந்திருந்தால் வழக்கு அத்தோடு முடிந்திருக்கும்.

த்யாமப்பா வாய் திறந்தான். “என்ன கங்கவ்வா, என் பந்தத்துக்கு எண்ணெய் ஊத்துனதே நீதானே?”

இட்டகி துள்ளி எழுந்து, கூண்டில் நிற்பவன் சாட்சியோடு பேசலாமா என்று ஆட்சேபித்தார். காவலர் அவன் தோளை அழுத்தினார். தாங்களோ கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்திவிட்டு, அந்த அம்மாளிடம் கேட்டீர்கள், எண்ணெய் ஊற்றினீர்களா, எதற்கு என்று. அதற்கும் மன்றம் சிரித்தது. எங்கள் சீமையில் அதைத் தெரியாத குழந்தை இல்லை.

“சிரிக்கிறவங்க வெளியே போகலாம்,” என்றீர்கள். “எங்க ஊர்ல இது கிடையாது. எனக்குத் தெரியலை, அதனால கேட்கிறேன். நீங்க சொல்லுங்கம்மா.”

கங்கவ்வா சொன்னாள். தீபாவளி அமாவாசைக்கு மறுநாளான பாட்டிமை அன்று மாடு மேய்ப்பவர்கள் புல்லைத் திரித்துப் பந்தம் கட்டி, வீடு வீடாகப் போய் மாட்டுக்கு ஒளி காட்டிப் பாடுவார்கள். வீட்டுக்காரி பந்தத்துக்கு எண்ணெய் வார்ப்பாள். கடைசியில் அணையுமுன்னே ஓட்டமாக ஓடி ஊர் எல்லையில் எறிவார்கள். அன்று தெருவில் அத்தனை மேய்ப்பர்களும் நெருப்போடுதான் ஓடினார்கள். அவர்களில் இவனும் ஒருவன்.

இதை ஏன் போலீசில் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். கங்கவ்வாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “நெருப்போட பார்த்தியான்னாங்க. பார்த்தேன்னேன். அன்னைக்கு என்ன நாளுன்னு இவ்வளவு படிச்சவங்களுக்குத் தெரியாதா தாயி?”

தெரியும். தங்களைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பெண்களும் எண்ணெய் வார்த்தவர்கள்தாம். காகிதத்தில் வெறும் நவம்பர் மாதத் தேதியாகக் கண்டதைப் பண்டிகையோடு சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்த இடத்தில், தெரியாது என்று சொன்ன ஒருவரால் ஒரு மனிதன் வெளியே வந்தான். உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெரியாது என்று சொன்னவரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

தீர்ப்பன்று கௌடர் எழுந்து, அப்படியானால் தன் போரைக் கொளுத்தியது யார் என்று கேட்டார். அவர் குரல் உடைந்திருந்தது. தாங்கள் அவரை அதட்டவில்லை.

“உங்க நஷ்டம் பெரிசு கௌடரே. யாருன்னு எனக்குத் தெரியலை. தெரியாத ஒண்ணுக்காக இவரை உள்ளே அனுப்ப முடியாது.”

அவர் அதை ஏற்கவில்லை. தங்கள்மேல் மேலிடத்துக்கு மனு போட்டார். குற்றம் சாட்டப்பட்டவனைப் பேசவிட்டது ஏன் என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. தாங்கள் அனுப்பிய பதில் இரண்டே வரி என்று தட்டச்சர் சொன்னார்: தன்மீது சொல்லப்படுவதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவர் கேட்டார்.

குறை சொல்லாமல் விட்டால் இது பாராட்டாகாது, முகத்துதியாகிவிடும். வாய்தா கேட்டவரையெல்லாம் முறைத்தீர்கள். சாட்சியைப் பாதியில் நிறுத்த மாட்டேன் என்று எங்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டீர்கள். சோள ரொட்டி பலகையாய்க் காய்ந்ததைக் கடித்துக்கொண்டு தங்களை வாய்க்குள் வைதிருக்கிறோம். ஆனால் மெலிந்தவனுக்கு ஒரு முகமும் வலியவனுக்கு ஒரு முகமுமாகத் தாங்கள் காட்டிய நாள் ஒன்றை நினைவில் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. தேடியதும் நல்லெண்ணத்தால் அல்ல, சந்தேகத்தால்தான்.

இந்த விழாவில் தங்களுக்குச் சால்வை போர்த்த த்யாமப்பாவை அழைத்துவருவது என்று முடிவு செய்தோம். ஹாலப்பா பேருந்து ஏறி அவன் ஊருக்கே போனார். எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

“எதுக்கண்ணா சால்வை? நான் செய்யலை. செய்யலைன்னு அந்தம்மா சொன்னாங்க. நாளைக்குச் சந்தை இருக்கு, வேலை கிடக்கு.”

நன்றி கெட்டவன் என்று வழிநெடுக வைதுகொண்டே வந்த ஹாலப்பா, தங்களிடமும் அதைச் சொல்லி முறையிட்டார். தாங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று ஆண்டுகளில் நாங்கள் பார்க்காத ஒரு சிரிப்பு சிரித்தீர்கள். “சரியாத்தானே சொல்லியிருக்கார்,” என்றீர்கள்.

அறம் வழுவா அம்மையீர்! ஆகையால் சால்வையை நாங்களே போர்த்துகிறோம். நல்ல மீன் கிடைக்காத இந்த ஊரில் மூன்று ஆண்டுகள் பருப்பும் ரொட்டியுமாய்க் காலம் தள்ளிய தாங்கள், இனிக் கடற்காற்றும் கனிந்த உறக்கமும், நோவற்ற உடலும் நோகாத மனமும், யாரும் வாய்தா கேட்காத காலைப் பொழுதுகளும் பெற்று, நூறாண்டு கடந்தும் நிறைவாக வாழ வேண்டும் என்று உளமார வாழ்த்துகிறோம்.

இங்ஙனம்,
தங்களை நம்பத் தாமதித்து, நம்பிய பின் மாறாத
ஹொசகட்டி நீதிமன்ற ஊழியர்கள்