பாலன் ஏசுவுக்குப் படுக்கை

ஆவடி தபால் நிலையத்தில் வெளிநாட்டுப் பார்சல் வரிசை. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். கணவர் கையில் ஒட்டி முடித்த அட்டைப்பெட்டி.

"பாலன் ஏசுவையே நாட்டுக்குள்ள வுடாம திருப்பி அனுப்பிட்டான். எல்லாம் உன்னாலதான்யா!" என்றார் அந்தம்மா. வரிசையே திரும்பிப் பார்த்தது.

"நா இன்னாம்மே பண்ணேன்? கிறிஸ்துமஸ் குடில் பொம்மைன்னு ஃபாரத்துல கரெக்டாதான எழுதினேன்."

"பொம்மைக்கு அடியில வைக்கோல் பரப்புனியே, அத்த எழுதினியா? ஆஸ்திரேலியாக்காரன் ஒரு புல்லக்கூட உள்ள வுடமாட்டான். ஆன்லைன்ல வாங்குனவ ஒத்த ஸ்டார் குத்திட்டா. இந்த செட்டாவது பண்டிகைக்குள்ள போவணும்."

"வைக்கோல் இல்லாம இன்னா குடிலு? பாலன் வெறும் தரையிலயா படுப்பாரு?"

"மாடு மண்ணு, ஆடு மண்ணு, மாதாவும் மண்ணு. வைக்கோல் மட்டும் உனக்கு நெசமா வேணுமா?"

அவர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தம்மா அதைப் பிடுங்கி, காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே சரசரவென்றது.

"மறுபடியுமாய்யா?"

"கொஞ்சூண்டுதான்," என்றார் அவர்.