நீல மூடிக் குப்பிகள் பன்னிரண்டு

என் பெயர் இராசநாயகம் கோபிகா. வயது 28. உரும்பிராய் கிழக்கில் தாயாருடன் வசிக்கிறேன். பக்கத்து ஊரான திருநெல்வேலியில் உள்ள ஓர் ஆய்வுகூடத்தில் மூன்று வருடங்களாக உதவியாளர். ஆய்வுத் தலைவர் கலாநிதி சண்முகநாதன் செய்த முறைப்பாடு தொடர்பில் நான் சுயமாகக் கூறுவதாவது:

நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் உண்டாகும் பெப்ரைட் என்ற ஒரு சிறு புரதத் துண்டு, நோய் எதிர்ப்புக் கலங்களை எப்படித் தூண்டுகிறது என்பதே எங்கள் ஆய்வு. எதிர்ப்புச் சக்தி குறைக்கப்பட்ட எலிகளில் பாதிக்குப் பெப்ரைட்டும் மறுபாதிக்கு வெறும் உப்புத்தண்ணீரும் ஏற்றினோம். குப்பிகளுக்கு நீலம், சிவப்பு என இரு நிற மூடிகள். எந்த நிறத்தில் எது என்பது ஊசி போடும் எங்களுக்குத் தெரியக்கூடாது. அந்த விபரம் ஒட்டிய உறையில் கலாநிதியிடம் இருந்தது.

என் தம்பி சுபாங்கன், வயது 21, இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தான். சிகிச்சையால் அவனுடைய எதிர்ப்புக் கலங்களும் அழிந்திருந்தன. எலிக்கு நொந்தால் நிரப்ப எங்களிடம் ஒரு படிவம் உண்டு. வார்டில் கட்டில் இல்லாமல் தம்பி மூன்று நாள் நிலத்தில் பாயில் கிடந்தான். அதற்குப் படிவம் இல்லை.

எலிகளை நிறுப்பது என் வேலை. கீழ்த்தட்டில் இருந்த நீல எலிகள் வாரத்துக்கு வாரம் கொழுத்தன. மேல்தட்டுச் சிவப்பு எலிகள் அப்படியே இருந்தன. ஆகவே நீலம்தான் பெப்ரைட் என்று முடிவு செய்தேன். அதன் பின் ஜனவரி 20 முதல் தினமும் ஒன்றாகப் பன்னிரண்டு நீலக் குப்பிகளை எடுத்துச் சென்று, அம்மா வெங்காயத் தோட்டத்தில் நின்ற நேரங்களில், வீட்டுக்கு வந்திருந்த தம்பிக்கு ஏற்றினேன். முதல் நாள் அவன், "எனக்கு வால் முளைச்சால் அம்மாவுக்கு நீதான் சொல்லோணும்" என்றான். ஐந்தாம் நாள் இன்னும் நாலு இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பெப்ரவரி 1ஆம் திகதி காலை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தால் உடனே கொண்டுவரும்படி வார்டில் சொல்லியிருந்தார்கள். அம்மா, "ஓட்டோ பிடிப்பம் பிள்ளை" என்றார். "பொறுங்கோ அம்மா, கலங்கள் கூடேக்கை காய்ச்சல் காயும்" என்று நான் மறித்தேன். "நீ படிச்சனி, உனக்குத் தெரியும்" என்று அம்மா அடங்கிவிட்டார். அன்றும் மறுநாளும் வீட்டிலேயே வைத்திருந்தேன். அதன் பின் 3ஆம் திகதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். 5ஆம் திகதி தம்பி இறந்தான்.

மார்ச் 4ஆம் திகதி உறை திறக்கப்பட்டது. நீலம் உப்புத்தண்ணீர் என்று அதில் இருந்தது. குப்பிகளை எண்ணியபோது பன்னிரண்டு குறைந்தன. உப்புத்தண்ணீர் எலிகள் எப்படிக் கொழுத்தன என்று கலாநிதி கேட்டார். கூடு கழுவும் இராசமலர் அக்கா, "செவ்வாய், வெள்ளியிலை கோயில் கடலை போடுறனான் ஐயா. பாவங்கள். மேல்தட்டு எனக்கு எட்டாது" என்றார். அவரை நான் குறை கூறவில்லை. அதன் பின் பன்னிரண்டு குப்பி உப்புத்தண்ணீரைக் களவாடியதை நான் ஒப்புக்கொண்டேன்.

இது வாசித்துக் காட்டப்பட்டபோது 'மருந்து' என்றிருந்த சொல்லை வெட்டி 'உப்புத்தண்ணீர்' என்று எழுதக் கேட்டேன். அவ்வாறு செய்யப்பட்டது. பெப்ரவரி 1, 2 பற்றி முறைப்பாட்டில் ஒன்றும் இல்லை, அது தேவையில்லை என்று உப பொலிஸ் பரிசோதகர் கூறினார். "அதையும் எழுதுங்கோ சேர்" என்றேன். எழுதப்பட்டது.

இதில் உள்ள யாவும் என் வாயால் சொன்னவை, உண்மையானவை என்று விளங்கிக்கொண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) இ. கோபிகா
2025.03.10