மாப்பிள்ளையோடு போகும் கார்

கல்முனையில் பஸ் ஏறியதிலிருந்து என் முன்சீட்டில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு வந்தார்கள். காரைதீவு தாண்டியதும் ஒருவர் சொன்னார்:

“மகன் கலியாணம் முடிச்சு அக்கரைப்பற்றில பொண்டாட்டி ஊட்டோட இருக்கப் போறான். என்ட அமெரிக்கன் காரையும் அவனோட அனுப்பப் போறன்.”

“வாப்பாட காலத்துக் காரையா? உனக்கு விசரா மச்சான்? இப்பத்தக் காரெல்லாம் வாறதே தெரியாது. அது முடுக்குத் திரும்பக்குள்ளயே தெருவே எழும்புமே! அந்தச் சத்தம் கேக்காம இருந்திருவியா?”

“மகன்ட சத்தம் கேக்காம இருக்க ஏலாதே. சும்மா சும்மா சம்பந்தி ஊட்டுக்குப் போகவும் வெக்கம்.”

“அதுக்கு?”

“அந்த இஞ்சின் என்ட கைக்கு மட்டுந்தான் ஸ்டார்ட் ஆகும். இன்ஷா அல்லாஹ், கிழமைக்கொருக்கா அவங்களே கூப்பிடுவாங்க.”