காதை அடைக்கிற ஹெல்மெட்

…காது கேக்க மாட்டேங்குது சார், அதான் இதுல கோளாறு! எனக்கில்ல, எங்க வீட்டுக்காரருக்கு. அவர் காதும் நல்ல காதுதான், இதை மாட்டினாப் போயிடுது. பாதி முகம் தெரியுற மாதிரி பழைய மாடல் ஒண்ணு குடுங்க, மாத்திக்கிறேன்னு கடைக்காரர்கிட்ட சொன்னேன். எடுத்துட்டு வரேன்னு மாடிக்குப் போனாரு. போனவரு போனவர்தான்! நீங்களும் அவருக்காகத்தான் நிக்கிறீங்களா? உக்காருங்க, உக்காருங்க. நீங்களும் ஹெல்மெட் வாங்கத்தானே வந்தீங்க? அப்ப நான் சொல்றதைக் கேட்டுட்டு வாங்குங்க.

யாரு இதை வாங்கச் சொன்னதுன்னு பாக்குறீங்க. வேற யாரு… நான்தான். போன மாசம் மழையில ஒரு திருப்பத்துல வழுக்கி விழுந்துட்டாரு. தலைக்கு ஒண்ணும் இல்ல, தாடை கிழிஞ்சு தையல். பழைய ஹெல்மெட் தாடைப் பக்கமே வராது, சும்மா உச்சந்தலையில தொப்பி மாதிரி உக்காந்திருக்கும். தாடை வரைக்கும் மூடுறதா இருந்தா வண்டியை எடுங்க, இல்லேன்னா பஸ்ஸுல போங்கன்னு ஒத்தைக் கால்ல நின்னுட்டேன்.

வாங்க வந்த அன்னிக்கு இதே பெஞ்சுதான் சார். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பாக்குறேன், எந்த மூஞ்சிக்கு எது பொருந்தும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா ஹெல்மெட்டு வேற கதையா இருக்கு! ஒண்ணு போட்டா தலை உள்ள தனியா ஆடுது. இன்னொண்ணு, கழட்டினா நெத்தியில பட்டையாக் கோடு. கன்னத்தைக் கவ்விப் பிடிக்கணும், நெத்தியை அழுத்தக் கூடாதுன்னு கடைக்காரர் சொன்னாரு. கடைசியா இதை மாட்டினோம். கன்னம் ரெண்டும் பிதுங்கி, வாய் குவிஞ்சு… கொழந்தைங்க முத்தம் குடுக்கிற மாதிரி இருந்தாரு மனுஷன்! எனக்குச் சிரிப்புத் தாங்கல. "சரியா இருக்கா?"ன்னேன். என்னமோ சொன்னாரு, எனக்குக் கேக்கல. சரின்னுதான் சொல்லியிருப்பாருன்னு பில்லைப் போடச் சொல்லிட்டேன்.

முதல் நாளு பாக்கணுமே! மூக்குக் கண்ணாடியோடயே ஹெல்மெட்டுக்குள்ள தலையை விட்டு, கண்ணாடி காதுல ஒரு பக்கம், கன்னத்துல ஒரு பக்கம். அதைக் கழட்டி, இதை மாட்டி, அப்புறம் அதை ஓரமாச் சொருகணும்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்கு வேலைக்கு நேரமாயிடுச்சு. சிக்னல்ல நின்னா உள்ள ஆவி படியுது. ஒரு நாள் மூடியைத் திறக்காமலே தும்மிட்டாரு… வேண்டாம் விடுங்க, நீங்க சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்க.

அதெல்லாம் பழகிடுச்சு சார். பழகாதது ஒண்ணே ஒண்ணுதான். அந்த 'ம்'.

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்கு. நாள் பூரா எவனாவது நடுவுல மாட்டிக்கிட்டு, "எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க"ன்னு போன்ல கத்திக்கிட்டே இருப்பான். வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க, டிவி, குக்கர் சத்தம். எங்க பேசுறது? வண்டியிலதான். நான் பின்னாடி உக்காந்து ஆரம்பிச்சா, அவரு 'ம்'முன்னுவாரு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா அந்த 'ம்' இருக்கே, அதுலயே எல்லாம் தெரியும் எனக்கு. இழுத்தா சந்தேகம். வெட்டினா, விடு விடுன்னு அர்த்தம். இப்ப அது நின்னே போச்சு. நான் பேசிக்கிட்டே வரேன், முன்னாடி ஒரு சத்தமும் இல்ல. சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு சார். ஒரு நாள் இறங்கி நின்னு அழுதுட்டேன், தூசி விழுந்துச்சுன்னு சமாளிச்சேன்.

காதுலயே விழல அவருக்கு! பாருங்க, குழாய் சொட்டுது, சொட்டுதுன்னு வழி பூராப் புலம்பினேன், பதிலே இல்ல. மறுநாள் அவரா வாஷரை மாத்திக்கிட்டு இருக்காரு. தானாத் தோணியிருக்கு, நான் சொல்லி இல்ல. கழுத்து வலின்னேன், அதுக்கும் வாயைத் திறக்கல. அப்புறம் அவரா ஒரு புதுத் தலைகாணி வாங்கிட்டு வராரு. கடையில தள்ளுபடியா இருந்திருக்கும்.

அதுலயும் ஒரு சௌகரியம் உண்டுன்னு வெச்சுக்குங்களேன். கேக்கத்தான் கேக்காதேன்னு நானும் மனசுல இருக்கிறதெல்லாம் அவர் முதுகுகிட்ட கொட்டிடுவேன். என் நாத்தனார் ஒரு மாசம் தங்க வரதா இருந்தாங்க. வந்தா பீரோவுல புடவை அடுக்கியிருக்கிறதுல இருந்து குறை சொல்லுவாங்க. "உங்க அக்கா உள்ள வந்தா நான் வெளிய போறேன்"னு பின்னாடி உக்காந்து சத்தமாவே சொன்னேன். நல்லவேளை, அவங்களே வரலன்னுட்டாங்க!

என்ன சிரிக்கிறீங்க?

நம்ப மாட்டீங்களா? சரி, மாட்டிப் பாருங்க இதை. அட, சும்மா மாட்டுங்க சார்! வாரை ரெண்டு பக்கமும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு… ஆங். அப்படித்தான். அந்த ஃபேனை வேகமா வெக்கிறேன், வண்டிச் சத்தத்துக்கு. திரும்பி நில்லுங்க, நான் பின்னாடி இருந்து பேசுறேன். கேட்டா தலையை ஆட்டக் கூடாது, 'ம்' சொல்லணும். அவரு அப்படித்தான்.

"ஏங்க… பெரியவனுக்கு செருப்பு பிஞ்சுபோச்சுங்க."

…பாத்தீங்களா? பாத்தீங்களா? ஒரு சத்தமும் வரல! நான் சொல்லல? கழட்டுங்க, கழட்டுங்க, மூச்சு முட்டும்.

என்னது? செருப்பா? ஆமா, செருப்புதான் சொன்னேன். பெரியவனுக்குன்னும் கேட்டுச்சா?

'ம்' சொன்னீங்களா… எப்ப? நிஜமாவா? நான் இங்கதானே நின்னேன், முதுகை ஒட்டி.

அப்ப உள்ள போகுது. வெளியதான் வரல.

அய்யோ… அய்யய்யோ! அப்ப அவங்க அக்கா? அவரே போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லியிருக்காரு! நான் பாட்டுக்கு எல்லாத்தையும்… எங்க முதலாளியை மாதிரிப் பேசிக் காட்டினேன், பாட்டு வேற பாடினேன். ரெண்டு கட்டை ஏத்தி!

இருங்க. நேத்து ஒண்ணு சொன்னேன் சார்.

அவரு விழுந்த திருப்பம் வழியா வந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் முகத்தைப் பாத்து அப்படி ஒண்ணு நான் சொன்னதே இல்ல. வராது எனக்கு, கூச்சமா இருக்கும். கேக்காதுங்கிற தைரியத்துல முதுகுல சாஞ்சுக்கிட்டு சொல்லிட்டேன். அன்னிக்கு போன் வந்தப்ப உயிரே போயிடுச்சு, நீங்க இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாதுங்கன்னு. மெதுவாத்தான் சொன்னேன்… வண்டியும் அப்ப மெதுவாத்தான் போச்சு.

அதுக்கும் உள்ளயே 'ம்'முன்னிருப்பாரு, பாவி மனுஷன்.

வந்துட்டீங்களா அண்ணே? அந்தப் பாதி ஹெல்மெட்டை நீங்களே மாடிக்குக் கொண்டுபோயிடுங்க. மாத்த வேண்டாம். ஒரு கோளாறும் இல்ல. சார், அதை இப்படிக் குடுங்க. எதிர்க் கட்டடத்துல லிஃப்ட் பாக்கப் போனவரு, அதோ, வெளிய வந்து ஹெல்மெட்டைத் தேடிக்கிட்டு நிக்கிறாரு. வரேன் சார். நீங்க தாராளமா இதே மாடலை வாங்குங்க.

போய் வண்டியில ஏறணும். ஏறி உக்காந்து என்ன பேசுறதுன்னுதான் தெரியல சார்.