திருப்பி அனுப்பின பிள்ளைக்கு முறுக்கு

அப்புத்தளையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவளின் மடியில் ஒரு பலகாரப் பெட்டி.

"யாருக்கு அக்கா முறுக்கு?"

"பண்டாரவளை பார்லர் பிள்ளைக்கு. என் சின்ன மகளுக்கு வேலை செய்ய மாட்டேன்னு திருப்பி அனுப்பிச்சே, அதுக்குத்தான்."

"மாட்டேன்னு சொன்னதுக்கா முறுக்கு?"

"ஆமா. அவ நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாளு, உதட்டு மேல முடி எடுக்கப் போனோம். அவளுக்கு உதட்டோரம் கொப்புளம். பல்லி எச்சம் பட்டிருச்சுன்னு நான் மஞ்சள் பூசியிருந்தேன். அந்தப் பிள்ளை பாத்ததுமே நூலைக் கீழ வெச்சிருச்சு. 'பல்லி இல்லம்மா, இது கிருமி. நூல் பட்டா முகத்துல பரவும், எனக்கும் ஒட்டும்'னுச்சு."

"கோவம் வரலியா?"

"வராம? வாசல்ல நின்னு ஏசிட்டேன். அது பதிலுக்கு ஏசல. வீட்டுல பச்சப்புள்ள இருக்கான்னு கேட்டுச்சு. மூத்த மகளுக்குப் பிறந்திருக்கு, இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வர்றோம்னேன். 'கொப்புளம் காயிற வரைக்கும் சித்தி முத்தம் கொடுத்துரக் கூடாதும்மா, குழந்தை உசுருக்கே ஆபத்து'ன்னுச்சு."

"அப்புறம்?" என்று கேட்டாள் இளைய பெண்.

"சாயங்காலம் குழந்தையைக் கொண்டு வந்ததும் சின்னவ கையை நீட்டிக்கிட்டு ஓடியாந்தா. நான் குறுக்க நின்னுட்டேன். அழுதா."

"இப்ப?"

"கொப்புளம் காஞ்சு, டாக்டரும் சரின்னுட்டாரு. நேத்து குழந்தைக்குப் பேரு வெச்சோம். சித்திக்காரி அன்னிலேருந்து சேத்து வெச்ச முத்தத்தையெல்லாம் நேத்துத்தான் கொடுத்து முடிச்சா."

பெட்டியின் மூடியை இன்னொரு தடவை அழுத்தி மூடினாள்.