முதுகு சுத்தம்

இல்ல சார், உங்க பொண்ணு பை எங்கயும் ஓடிடாது. அந்த அலமாரி மேலதான் இருக்கு, நாப்பது நாளா யாரையும் தொட விடல நான். முதல்ல உக்காருங்க. நாற்காலியெல்லாம் இல்ல இங்க, அந்த மெத்தை மேலயே உக்காருங்க. பேண்ட்ல வெள்ளையா ஒட்டும், தட்டிவிட்டா போயிடும். ஜிம்னாஸ்டிக்ஸ்ல கை வழுக்காம இருக்கப் பூசுற பொடி அது. முப்பத்தோரு வருசமா இதுக்குள்ளயே கெடக்கறேன். பொண்ணுங்க எனக்கு வெச்ச பேரே சுண்ணாம்பு மேடம். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காளுங்க.

தண்ணி குடிக்கறீங்களா? அந்த பாட்டில் மூடிய மட்டும் நீங்களே தெறந்துக்கோங்க. இறுக்கமா இருக்கு.

என்ன இது, லெட்டரா? அவளா எழுதினா? படுத்துக்கிட்டேவா? குடுங்க. இருங்க, கண்ணாடிய தேடறேன்.

ம். படிச்சிட்டேன்.

இத நீங்க படிச்சீங்களா சார்? படிச்சிட்டுதான் கொண்டு வந்தீங்களா? நீங்க நம்பிக் கைய எடுத்த அன்னிக்கு உங்க பேர கெடுத்துட்டேன் மேடம், மன்னிச்சிடுங்கன்னு எழுதியிருக்கா. என்கிட்ட மன்னிப்பு கேக்கறா சார் உங்க பொண்ணு. நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா? ஐயோ, வேணாம். கையெல்லாம் கூப்பாதீங்க சார், கெஞ்சிக் கேக்கறேன், கைய கீழ போடுங்க.

டாக்டர் என்ன சொல்றாரு? முதுகெலும்பு கூடிடுச்சா. இடுப்புல பட்டைய கட்டிக்கிட்டு நிக்கலாம்னு சொல்லிட்டாரா. அப்புறம் என்ன? நிக்க மாட்டேங்கறாளா! கட்டில் ஓரத்துல கால தொங்கப் போட்டுட்டு, தரையில வைன்னா அழறாளா. எத்தன நாளா? பதினஞ்சு நாளாவா? சார், அது ரொம்ப தப்பு சார். நடக்க வேண்டிய நேரத்துல படுத்தே கெடந்தா கால் சதை அப்படியே கரைஞ்சிடும். அப்புறம் அவளே ஆசப்பட்டாலும் கால் கேக்காது. ஏன் மாட்டேங்கறான்னு கேட்டீங்களா? என்ன சொன்னா?

என் உடம்ப நான் நம்ப மாட்டேன்னு சொன்னாளா.

கைய எடுக்கறதுன்னா என்னன்னு உங்களுக்குப் புரியலையா? உங்ககிட்ட அவ சொன்னதே இல்லையா? சரி, சொல்றேன். அது தெரியாம இந்த லெட்டர் உங்களுக்குப் புரியாது. தோ, அந்த சுவர் ஓரமா இருக்கு பாருங்க நீளமா, அதுதான் பீம். நாலு அங்குலம் அகலம், உங்க நெஞ்சு உயரம். அதுமேல நின்னு பின்னாடி குதிச்சு, காத்துல சுத்தி, திரும்பவும் அந்த நாலு அங்குலத்துலயே வந்து நிக்கணும். மொத மொதல்ல யாரும் தனியா செய்ய மாட்டாங்க. நான் பக்கத்துல நிப்பேன். குதிக்கும்போது இடுப்புக்கு மேல, முதுகுல, என் கை இருக்கும். என் கை மேலதான் சுத்துவாளுங்க. நூறு தடவ, எரநூறு தடவ. என் கையில பொடி இருக்குமில்ல, ஒவ்வொரு தடவையும் சட்ட முதுகுல வெள்ளையா அச்சு விழும், அஞ்சு வெரலும் தெரியும்.

அப்புறம் ஒருநாள், அவகிட்ட சொல்லாம, கைய எடுத்துடுவேன். எப்பன்னு யாருக்கும் தெரியாது. கை இருக்குன்னு நெனச்சே குதிப்பா, சுத்துவா, வந்து நிப்பா. மத்தவளுங்கல்லாம் ஓடி வந்து முதுக பாப்பாளுங்க. அச்சு இருக்காது. உடனே, முதுகு சுத்தம், முதுகு சுத்தம்னு கூடமே அதிர்ற மாதிரி கத்துவாளுங்க. அதுதான் சார் இங்க பெரிய விசேஷம். கோப்பை வாங்கினாகூட அவ்வளவு சத்தம் வராது. ஒருத்தி, இப்ப ரெண்டு புள்ளைக்குத் தாய், அவ முதுகு சுத்தம்னு சொன்னதும் நம்பாம சட்டைய கழட்டி பாத்துட்டு, கீழ உக்காந்து கேவிக் கேவி அழுதா. ஏண்டி அழறேன்னா, அப்ப இவ்வளவு நேரமும் நான்தானா மேடம்னு கேட்டா.

பதினாலு கோப்பை சார். பேப்பர்காரங்க வந்து ரகசியம் என்ன, தத்துவம் என்னன்னு கேப்பாங்க. என்ன பெரிய தத்துவம். மொத மூணு மாசம் விழத்தான் கத்துக்குடுப்பேன். காசக் கட்டி புள்ளைய அனுப்பினா இந்தம்மா தெனம் கீழ தள்ளுதுன்னு ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க. பயத்த போன்னு சொன்னா போகாது, நம்ம கைய குடுத்தா அது பாட்டுக்கு கைக்குள்ள உக்காந்துக்கும், அப்புறம் மெதுவா கைய எடுத்துக்கணும். அவ்வளவுதான். என்னிக்கு எடுக்கணும்ங்கறதுதான் வித்த. குதிக்கும்போது அவ எடை என் கையில எவ்வளவு எறங்குதுன்னு பாப்பேன். ஒரு இட்லித் தட்டு கனத்துல இருந்து ஒரு காயிதம் கனத்துக்கு வரும். அன்னிக்கு எடுத்துடுவேன். நூத்தி எழுபது பொண்ணுங்களுக்கு மேல சார். ஒரு தடவகூட நாள் தப்பினதில்ல.

அதனாலதான் அவ இப்படி நெனைக்கறா. மேடம் கணக்கு தப்பாது, அப்ப தப்பு என்கிட்டதான்னு. என் பேருதான் சார் அவள கட்டில்ல கட்டிப் போட்டிருக்கு.

உங்க பொண்ணுக்கு நான் வெச்ச பேர் தெரியுமா? வெட்டுக்கிளி. கையும் காலும் அப்படி. மொத நாளே கேட்டேன், எங்கடி இப்படி தொங்கக் கத்துக்கிட்டன்னு. எங்கப்பா பஸ்ல மேல கம்பியில மேடம், டிப்போல வண்டி நிக்கும்போதுன்னு சொன்னா. சிரிக்கறீங்க பாருங்க. நீங்களும் கூட நின்னு தொங்க விட்டீங்களாமே. கீழ கைய வெச்சுக்கிட்டு நின்னீங்களாமே. அப்ப நீங்கதான் சார் மொத கோச்சு.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. எத்தன வருசமா வண்டி ஓட்டறீங்க? இருபத்திரெண்டா. ஒருநாள் உங்க கை மரத்துப் போச்சுன்னு வெச்சுக்கோங்க. ஸ்டீயரிங் புடிச்சிருக்கீங்க, ஆனா புடிச்சிருக்கோமா இல்லையான்னே தெரியல. டிப்போல சொல்லிடுவீங்களா?

அன்னிக்கே சொல்லிடுவேன்னு சொல்றீங்க. பின்னாடி அம்பது பேர் உக்காந்திருக்காங்கன்னு சொல்றீங்க. ம். யோசிக்கக்கூட இல்ல நீங்க. சரிதான்.

சும்மாதான் கேட்டேன். தண்ணி குடிங்க.

அன்னிக்கு நடந்தத முழுசா யாராவது சொன்னாங்களா உங்களுக்கு? பிரின்சிபால் விசாரணை வெச்சாரு. பொண்ணுங்க ஒம்பது பேரும் ஒரே மாதிரி சொன்னாளுங்க. மேடம் கைய எடுத்தாங்க, அது எப்பவும் நடக்கறதுதான், அவ தடுமாறிட்டா. மாணவியின் கவனக் குறைவுன்னு எழுதி, என்னை பாத்து, அப்படித்தானே மேடம்னு கேட்டாரு. நான் தலையாட்டினேன். ஆமான்னு சொல்லல சார், தலைய ஆட்டினேன். ரெண்டும் ஒண்ணுதான், எனக்குத் தெரியும். இந்த நாப்பது நாளும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூணு தடவ வந்தேன். மாடிப்படில பாதி ஏறிட்டு எறங்கிட்டேன். ஒரு தடவ உங்க வீட்டம்மாவ பாத்தேன், கஞ்சி டிபன்கேரியர் தூக்கிட்டு போனாங்க. தூண் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டேன். அம்பத்தேழு வயசுல.

ஜன்னல பாருங்க. இப்ப திரை போட்டிருக்கு இல்ல, அன்னிக்கு அது தொவைக்கப் போயிருந்துது. சாயங்கால வெயில் நேரா பீம் மேல. எப்பவும் ஜன்னல பாத்துதான் ஏறி நிப்பாளுங்க. வெட்டுக்கிளி ஏறினா, கண்ணு கூசுது மேடம்னா, அப்படியே அந்தப்பக்கமா திரும்பி நின்னுட்டா. அவ்வளவுதான் நடந்துது. திரும்பி நின்னா. நீங்க கேக்கலாம், அதுல என்ன இருக்குன்னு. பீமுக்கு அந்தப்பக்கம் சுவர், இந்தப்பக்கம்தான் நான் நிக்க முடியும். அவ ஜன்னல பாத்து நின்னா முதுகு என் இடது கைப்பக்கம் வரும். திரும்பி நின்னா வலது கைப்பக்கம்.

ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். பழையபடி நில்லுடின்னு. எறங்கு, திரை வந்தப்புறம் பாத்துக்கலாம்னு. நாக்கு நுனில இருந்துது. ஒம்பது பேரும் பாத்துட்டிருக்காளுங்க, உதவி கோச்சு கையக் கட்டிட்டு நிக்கறா, எனக்கப்புறம் இந்தக் கூடம் அவளுக்குத்தான். அடுத்த மாசம் போட்டி. பதினஞ்சாவது கோப்பை. சரி, ஒரே ஒரு தடவதானேன்னு நெனச்சேன்.

அவ குதிச்சா. பாதி சுத்துல இருக்கும்போதே ஒரு வாலு கத்திட்டா, முதுகு சுத்தம்னு. கை இல்லாதத பாத்துட்டா, பெரிய சந்தோஷம் அவளுக்கு. அந்த சத்தம் உங்க பொண்ணு காதுல விழுந்துது சார், காத்துல இருக்கும்போதே. அத கேட்டுக்கிட்டே கீழ வந்தா. விழுந்தப்புறம் என்னை நிமிந்து பாத்து என்ன சொன்னா தெரியுமா? வலிக்குதுன்னு சொல்லல. சாரி மேடம்னு சொன்னா.

ஐயோ, நான் பேசிக்கிட்டே இருக்கேன். பஸ்ஸுக்கு நேரமாச்சா உங்களுக்கு? சரி, பைய எடுத்துக்கோங்க. இல்ல, நீங்களே எட்டி எடுத்துக்கோங்க சார். நானே எடுத்துக் குடுத்திருப்பேன். வலது கை தோளுக்கு மேல போகாது எனக்கு. நாலஞ்சு மாசமா.

ஆமா. இந்தக் கைதான்.

கழுத்துல நரம்பு நசுங்கியிருக்காம். இத்தன வருசம் இத்தன பேர தாங்கினா என்ன ஆகும். வெரல்ல உணர்ச்சியே இல்ல, சில நேரம் தூக்கு தூக்குன்னு சொல்லுவேன், அது பாட்டுக்கு தொங்கும். டாக்டர், கூடத்துப் பக்கமே போகாதீங்கன்னு எழுதிக் குடுத்தாரு. மடிச்சு மேஜை இழுப்பறையில வெச்சுட்டேன். எட்டு மாசத்துல ஓய்வு, ஓட்டிடலாம்னு நெனச்சேன். இடது கையாலயே எல்லாரையும் தாங்கினேன். அதுக்காகத்தான் எல்லாரையும் ஜன்னல பாத்து நிக்க வெச்சேன். அச்சுல கட்டை வெரல் அந்தப்பக்கமா இருக்கே மேடம்னு ஒருத்தி கேட்டா. உன் கண்ணு கோணல்டின்னு சொல்லி சிரிக்க வெச்சுட்டேன்.

நான் அன்னிக்கு கைய எடுக்கல சார். அவ இன்னும் தயாரா இல்லன்னு எனக்குத் தெரியும், இன்னும் ரெண்டு மாசமாவது ஆகும். நான் கைய குடுத்தேன். குடுத்தேன்னுதான் நெனச்சேன். குனிஞ்சு பாத்தா அது என் தொடை ஓரமா அப்படியே தொங்கிட்டிருக்கு. அவ சரியாத்தான் குதிச்சா. கை இருக்குற கணக்குல குதிச்சா. கைதான் இல்ல. அவ உடம்பு ஒரு தப்பும் பண்ணல.

அடிக்கணும்னா அடிங்க. திட்டுங்க. போலீஸ்க்குப் போறதுன்னாலும் போங்க, நானே வந்து எழுதிக் குடுக்கறேன். பிரின்சிபாலுக்கும் எழுதி வெச்சிருக்கேன், இடது கையால எழுதினேன், கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. என்ன வேணா செய்யுங்க. என்ன சார், பைய தோள்ல மாட்டிக்கிட்டு கெளம்பறீங்க.

போகாதீங்க சார். தம்பி, நில்லுங்க. நீங்க போய் சொன்னா அவ நம்ப மாட்டா. எனக்காக அப்பா பொய் சொல்றாருன்னு நெனப்பா. என்னையும் கூட்டிட்டுப் போங்க. பக்கத்துல உக்காரக்கூட வேணாம், உங்க பஸ்ல பின்னாடி நின்னுட்டு வரேன். நான் வாயால சொன்னாலும் நம்ப மாட்டா, நான் அவள சமாதானம் பண்றேன்னு நெனப்பா, அவ்வளவு பிடிவாதம், நான்தானே வளத்தேன். அதனால ஒண்ணு பண்ணுவோம். சட்டையில ஊக்கு குத்தியிருக்கீங்களே, அது போதும். டாக்டர் எனக்கு உணர்ச்சி இருக்கான்னு அப்படித்தான் குத்திப் பாத்தாரு.

அவ கையில அத குடுங்க. நான் கண்ண மூடிக்கிட்டு இந்த வலது கைய நீட்டறேன். அவளே குத்தட்டும். அஞ்சு வெரல்லயும் குத்தட்டும். நான் திரும்பித் திரும்பி அவளையே கேப்பேன், குத்திட்டியா, குத்திட்டியான்னு.